வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மாறிய 101.1

2005 ஜூன் 3, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் வேலை முடிந்து ஜனங்கள் காரில் வீடு திரும்புகிற மாலை 5 மணி. 101.1 மெகாஹெர்ட்ஸில் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். 1972 ஜூலை 7 முதல், அதாவது ஏறக்குறைய 33 வருஷமாக, ஐம்பதுகளின், அறுபதுகளின் பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்த நிலையம். அந்த ஐந்து மணிக்கு அது முடிந்தது. முன்னறிவிப்பு இல்லை, விடைபெறும் நிகழ்ச்சி இல்லை. அடுத்து வந்தது 'ஜாக்' என்ற புது அவதாரம். எந்தக் காலத்துப் பாட்டும் எந்த வரிசையிலும் வரும். நடுநடுவே பதிவு செய்து வைத்த ஓர் ஆண் குரல் நக்கலாக ஏதாவது சொல்லும். அறிவிப்பாளர் என்று யாருமே கிடையாது. அதே நாளில் சிகாகோவில் 104.3-இல் இருந்த பழைய பாட்டு நிலையத்தையும் இதன் சொந்தக்காரக் கம்பெனியே ஜாக் ஆக்கியது.

நியூயார்க்கில் அன்று வேலை போனவர்களில் அறுபதுகளிலிருந்து அந்த ஊருக்குப் பழக்கமான குரல்கள் இருந்தன. 'கசின் புரூஸி' என்று அழைக்கப்பட்ட புரூஸ் மாரோ அவர்களில் ஒருவர். அவர் பிறகு செயற்கைக்கோள் வானொலிக்குப் போனார்.

கேட்கிறவர்கள் குறைந்துவிட்டதால் மாற்றினார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல, வயது. அமெரிக்காவில் வானொலி விளம்பரம் வாங்குகிற ஏஜென்சிகள் பெரும்பாலும் 25 முதல் 54 வயதுக்காரர்களுக்குத்தான் காசு கொடுக்கும். 1958-இல் 15 வயதில் ஒரு பாட்டைக் கேட்டு மயங்கியவருக்கு 2005-இல் 62 வயது. அவர் நாள் முழுக்க அதே நிலையத்தைக் கேட்டாலும் விற்பனைப் பிரிவின் கணக்கில் அவர் பூஜ்யம். மொத்த நேயர் எண்ணிக்கையில் நல்ல இடத்தில் இருக்கிற நிலையமும் விளம்பரக் கட்டணத்தில் கீழே கிடக்கும். ஜாக் மாதிரி ஆளில்லாத நிலையம் என்றால் சம்பளச் செலவும் மிச்சம்.

இந்த மாற்றத்தை வேலையாகச் செய்கிறவர்களுக்கு அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ரகசியம். புது நிலையத்தின் பாட்டுகள் வேறொரு அறையில், வேறொரு கணினியில் வாரக்கணக்கில் ஏற்றப்படும். எந்தப் பாட்டு ஓடும் என்று பார்க்க ஒரு கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பாட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த 7 முதல் 10 விநாடித் துண்டை மட்டும் ஒலிக்கவிட்டு மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான துண்டுகள். மூன்றாவது நிமிடத்தில்தான் அழகு காட்டும் பாட்டெல்லாம் இந்தச் சல்லடையில் தேறாது. வணிக நிலையங்களில் அதே முந்நூறு, நானூறு பாட்டு சுற்றிச் சுற்றி வருவதன் ரகசியம் இதுதான். ஜாக் அந்தப் பட்டியலை ஆயிரத்துக்கும் மேல் நீட்டியதுதான் அதன் விற்பனைச் சரக்கு. 2002-இன் கடைசியில் கனடாவின் வான்கூவரில் அது நன்றாக ஓடியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எடுத்தார்கள்.

இணைய முகவரி வேறு யாரோ பேரில் பதிவாகும். அழைப்பெழுத்தை மாற்றுவதற்கு, அதாவது டபிள்யூ என்றோ கே என்றோ தொடங்கும் நிலையப் பெயரை மாற்றுவதற்கு, வானொலிகளுக்கு உரிமம் தருகிற எஃப்.சி.சி. என்கிற மத்திய ஆணையத்தில் மனு போடவேண்டும். அது எல்லோர் கண்ணிலும் படும் ஆவணம் என்பதால் பல கம்பெனிகள் அதைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடும். மாற்றம் நடக்கிற நாளில் காலை அறிவிப்பாளர் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததும் 'ஒரு சின்ன மீட்டிங்' என்று கூப்பிடுவார்கள். அவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதே கதவு அட்டை செல்லாமல் போகும். கடைசியாக ஒரு வார்த்தை பேச விடாததற்குக் காரணம் குரூரம் மட்டுமல்ல. வேலை போன கோபத்தில் இருப்பவர் கையில் நேரலை மைக் இருந்தால், அவர் உதிர்க்கும் ஒரு கெட்ட வார்த்தைக்கு அபராதம் கட்டுவது உரிமம் வைத்திருப்பவர். அதற்காக 20, 30 வருஷம் பேசிய ஆளை நேயரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவிடாமல் அனுப்புவதை நியாயம் என்று சொல்ல முடியவில்லை. பதிவு செய்து சரிபார்த்து ஒலிபரப்ப ஐந்து நிமிடம் போதும்.

பழையது நின்றதும் புதியது உடனே வரும் என்று இல்லை. சில மணி நேரமோ சில நாளோ வேண்டுமென்றே கிறுக்குத்தனம் செய்வார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது, இதயத் துடிப்பு ஓசை, இயந்திரக் குரலில் நேரத்தை இறங்குமுகமாக எண்ணுவது, ஜூலை மாதத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு. ஊர் பேசவேண்டும் என்பது ஒரு நோக்கம். பழைய நேயர்கள் வெறுத்துப் போய் விலகவேண்டும் என்பது இன்னொன்று. அவர்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் புது நிலையத்தின் வயதுக் கணக்கு கெடும்.

பிறகு 'விளம்பரமே இல்லாமல் தொடர்ந்து 10,000 பாட்டு' என்று ஒரு அறிவிப்பு. கேட்கத் தாராளமாக இருக்கிறது. கணக்குப் போடலாம். மணிக்கு 15 பாட்டு என்றால் 667 மணி நேரம், கிட்டத்தட்ட 28 நாள். பழைய விளம்பரங்கள் பழைய நேயர்களை நம்பி விற்றவை. புது நிலையத்துக்கு இன்னும் கட்டண விகிதமே இல்லை. விற்கச் சரக்கு இல்லாத மாதத்தைத்தான் பரிசு மாதிரிக் கட்டிக் கொடுக்கிறார்கள்.

உன்னிப்பாகக் கேட்பவர்களுக்குச் சில அறிகுறிகள் தென்படும். இரவு நேர ஆட்கள் போய், வேறு ஊரிலிருந்து பதிவு செய்த குரல் வரும். மழை கொட்டும்போது அந்தக் குரல் வெயிலைப் பற்றிப் பேசும். போட்டிகளும் பரிசுகளும் நிற்கும். உள்ளூர்க் கடை விளம்பரம் போய், அரசு அறிவிப்புகளும் மாத்திரை விளம்பரமும் அந்த இடத்தை நிரப்பும். வழக்கமில்லாத நிலையம் நவம்பர் தொடக்கத்திலேயே முழுநேரக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மாறினால், டிசம்பர் 26 அன்று என்ன வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். மூன்று சேர்ந்தால் பதிவுக் கருவியைத் தயார் செய்துகொள்ளலாம்.

நிலையம் கைமாறினால் எஃப்.சி.சி. அறிவிப்பு வெளியான 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேப மனு போடலாம். உரிமம் 8 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போதும் போடலாம். ஆனால் 'எங்கள் பாட்டை மாற்றிவிட்டார்கள்' என்ற காரணம் அங்கே செல்லாது. ஒரு காலத்தில் செல்லுபடியானது. அதைச் செல்லாமல் ஆக்கிய வழக்கு நேயர்கள் வைத்த சங்கத்தின் பேரிலேயே இருக்கிறது.

1970-இல் அட்லாண்டாவின் செவ்வியல் இசை நிலையம் ஒன்று பற்றிய வழக்கிலும், 1974-இல் சிகாகோவின் டபிள்யூ.இ.எஃப்.எம். பற்றிய வழக்கிலும் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேயர்கள் பக்கம் நின்றது. அந்த ஊரில் வேறெங்கும் கிடைக்காத வகை ஒலிபரப்பு போகிறது, கணிசமான மக்கள் முனகுகிறார்கள் என்றால் எஃப்.சி.சி. விசாரித்தே ஆகவேண்டும் என்றது. அதே 1974 நவம்பரில் நியூயார்க்கில் 104.3-இல் இருந்த டபிள்யூ.என்.சி.என். என்ற செவ்வியல் நிலையத்தை அதன் சொந்தக்காரரான ஸ்டார் பிராட்காஸ்டிங் ராக் இசைக்கு மாற்றி, டபிள்யூ.க்யூ.ஐ.வி. என்று பெயரும் மாற்றியது. நேயர்கள் கூடி 'லிசனர்ஸ் கில்ட்' என்று சங்கம் வைத்து வழக்குப் போட்டார்கள். 1975-இல் நிலையம் ஜி.ஏ.எஃப். என்ற கம்பெனியிடம் போய், செவ்வியல் இசையும் பழைய பெயரும் திரும்பி வந்தன. சங்கம் ஜெயித்தது.

இதற்குள் எஃப்.சி.சி.க்கு அலுத்துவிட்டது. எது நல்ல இசை, எது ஊருக்குத் தேவை என்று அரசு அதிகாரி தீர்மானிக்க முடியாது, சந்தை தீர்மானிக்கட்டும் என்று 1976-இல் கொள்கை அறிக்கை வெளியிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979-இல் அதை ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1981 மார்ச் 24 அன்று, 7-க்கு 2 என்ற கணக்கில் எஃப்.சி.சி. செய்தது சரி என்றது. வழக்கின் பெயர் எஃப்.சி.சி. எதிர் டபிள்யூ.என்.சி.என். லிசனர்ஸ் கில்ட். தன் நிலையத்தை மீட்டெடுத்த சங்கம், எல்லா ஊர் நேயர்களுக்கும் இருந்த உரிமையைத் தன் பேரிலான வழக்கில் இழந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், அபூர்வமான சந்தர்ப்பங்களுக்கு ஒரு வாசலைக்கூடத் திறந்துவைக்காத கொள்கை இது என்றார். அவர் சொன்னது சரி என்பதே இதை எழுதுபவரின் கட்சி. ஒவ்வொரு பாட்டு மாற்றத்தையும் அரசு விசாரிப்பது அபத்தம்தான். ஊரிலேயே ஒன்றாக இருக்கும் நிலையம் போகும்போது ஒருமுறை விசாரிப்பது அபத்தமில்லை. 1993 டிசம்பரில் அதே டபிள்யூ.என்.சி.என். மறுபடி ராக் நிலையமானது. இந்த முறை எடுத்துப்போக வழக்கு இல்லை.

சட்டம் கைவிட்ட இடத்தில் வேறு ஒன்று சிலசமயம் வேலை செய்கிறது: நேயர்கள் முள்ளை நகர்த்தி வேறு நிலையத்துக்குப் போய்விடுவது. நம் பக்கத்தில் இது நன்றாகவே நடந்திருக்கிறது. 1952-இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு வெளியேறியது. கொழும்பில் ரேடியோ சிலோனிடம் போர்க் காலத்தில் நேசப்படைகளுக்காகத் திட்டமிட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி எக்கலையில் நின்றது. பாட்டு அங்கேயிருந்து வந்தது, நேயர்கள் அங்கே போனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கியது அந்தக் கூட்டத்தை மீட்கத்தான். ஐந்து வருஷம் பிடித்தது. தமிழ்நாட்டில் இலங்கை வானொலிப் பழக்கம் அதற்குப் பிறகும் வெகுகாலம் போகவில்லை.

நியூயார்க்கில் இரண்டு வருஷம் போதுமானதாக இருந்தது. ஜாக் எதிர்பார்த்த இளைய நேயர்கள் வரவில்லை, பழையவர்கள் போய்விட்டார்கள். 2007 ஜூலை 12 அன்று மதியம் 1.01-க்கு (101 என்பதற்காகப் பார்த்து வைத்த நிமிடம்) டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். திரும்பி வந்தது, ஜாக், டிஜிட்டல் ரேடியோவில் மட்டும் கேட்கும் துணைத் தடத்துக்குப் போனது. கொண்டாடியவர்கள் பட்டியலைக் கவனித்துக் கேட்டிருந்தால் ஒன்று புரிந்திருக்கும். ஐம்பதுகள் அநேகமாகக் காணவில்லை. 1964-இலிருந்து எண்பதுகளின் கடைசி வரை என்று காலம் முன்னே நகர்ந்திருந்தது. பெயர் திரும்பியது, சில குரல்களும் திரும்பின, ஆனால் அந்த 62 வயதுக்காரரின் 1958 திரும்பவில்லை. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவருக்காகத்தான் நிலையம் திரும்பி வந்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். 2005 ஜனவரி 12 மதியம் வாஷிங்டன் வட்டாரத்தில் 99.1-இல் டபிள்யூ.எச்.எஃப்.எஸ். என்ற ராக் நிலையம் நின்று, ஸ்பானிய மொழி நிலையம் வந்தது. ராக் நேயர்கள் கொதித்தார்கள். அதே நகரத்தில் தங்கள் மொழியில் பெரிய பண்பலை நிலையம் இல்லாமல் இருந்த ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு அன்று திருவிழா.

நிலையம் சாகாமலே தொலைவதும் உண்டு. 2009 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் தன் செவ்வியல் நிலையமான டபிள்யூ.க்யூ.எக்ஸ்.ஆரை விட்டுக்கொடுத்தபோது, பொது வானொலியான டபிள்யூ.என்.ஒய்.சி. அதை வாங்கிக் காப்பாற்றியது. ஆனால் இடம் மாறியது: 96.3-இலிருந்து 105.9-க்கு. 96.3-இன் திறன் 6,000 வாட், 105.9-க்கு 610 வாட். பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 டெசிபெல் குறைவு. ஏரியலில் வந்து விழும் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்காகும். நகரத்துக்குள் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் இருப்பவருக்கு ஸ்டீரியோ போய் இரைச்சல் வரும், இன்னும் தள்ளியிருப்பவருக்கு எதுவுமே வராது.

இந்த 10 டெசிபெல்லைக் கூரையில் மீட்கலாம். பிடித்த நிலையம் உள்ளூரில் போய், பக்கத்து ஊரில் மட்டும் அதே வகை மிச்சமிருந்தாலும் இதே வேலைதான். ரேடியோவோடு வரும் ஒற்றை வொயர் ஏரியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓர் இருமுனை ஏரியல் செய்யலாம். நீளத்துக்குக் கணக்கு எளிது: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் முழு நீளம். 105.9-க்கு 1.35 மீட்டர். கொடைக்கானல் பண்பலையின் 100.5-க்கு 1.42 மீட்டர். 10 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் பாதி நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவாக. நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு பி.வி.சி. குழாயில் நேர்கோட்டில் பொருத்தவேண்டும். கேபிள் டிவிக்கு இழுக்கிற ஆர்.ஜி.-6 வொயரின் நடுக்கம்பி ஒரு குழாயில், பின்னல் மற்றதில். அந்த வொயர் 75 ஓம், இந்த ஏரியலும் நடுவில் ஏறக்குறைய 73 ஓம் என்பதால் இடையில் எதுவும் வேண்டாம். பழைய ஸ்டீரியோ பெட்டியின் பின்னால் 300 ஓம் என்று இரண்டு திருகு மட்டும் இருந்தால், பழைய டிவி ஏரியல் வொயரின் முனையில் குட்டிக் கறுப்பு டப்பா மாதிரித் தொங்குமே, அந்த 300-க்கு 75 மாற்றியை அங்கே போடவேண்டும்.

கெட்டுப்போவது அநேகமாக இணைப்பில்தான். கேபிள் வொயரின் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. பற்றவைத்தது போலத் தெரியும், ஒரு மாதத்தில் கழன்று நிற்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகும் வாஷரும் போட்டு இறுக்கவேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேராகத் தொடவிட்டால் முதல் மழைக்குப் பிறகு வெள்ளைப் பொடி பூக்கும். வொயர் முனையில் தண்ணீர் இறங்கினால் பின்னல் வழியாக உள்ளேயே ஓடி, வெளியே ஒன்றும் தெரியாமல் சிக்னல் தேய்ந்துபோகும். முனையைச் சிலிக்கானால் அடைத்து, வொயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்துக்கு முன் தண்ணீர் சொட்ட ஒரு தொங்கல் விடவேண்டும். ஏரியலுக்குக் கீழே வொயரையே 15 சென்டிமீட்டர் வட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டினால் வீட்டிலிருந்து வொயரின் வெளித்தோல் வழியாக ஏறும் இரைச்சல் குறையும்.

படுக்கையாக வைத்தால் கம்பிக்குக் குறுக்குத் திசையில் நன்றாகக் கேட்கும், கம்பி நீட்டியிருக்கும் திசையில் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கம்தான் பொக்கிஷம். அதே அலைவரிசையிலோ பக்கத்திலோ உறுமும் வேண்டாத நிலையத்தை நோக்கி முனையைத் திருப்பினால் அது அமுங்கி, வேண்டியது மேலே வரும். பண்பலையில் இரண்டில் வலுவானதை மட்டுமே ரேடியோ பிடிக்கும் என்பதால் சின்ன வித்தியாசமே போதும். நிமிர்த்தி வைத்தும் ஒருமுறை பார்க்கவேண்டும். நிலையம் எந்த வாக்கில் அனுப்புகிறது என்பதைப் பொறுத்து எது மேல் என்பது மாறும். ஏரியலின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கிட்டத்தட்ட 6 டெசிபெல் கூடும், அதுவும் செலவில்லாமல். இருமுனைக்குப் பதில் பழைய டிவி ஏரியல் மாதிரி ஐந்து கம்பி வரிசையாக இருக்கும் யாகி ஏரியல் வைத்தால் அதற்கும் மேல் 6 அல்லது 7. பூஸ்டர் வாங்குவது கடைசி வழி. ஊருக்குள் பலத்த நிலையங்கள் இருக்கும்போது பூஸ்டர் போட்டால் அவை ஒன்றோடொன்று கலந்து, முள்ளில் இல்லாத இடங்களிலெல்லாம் பேயாக வந்து பாடும்.

நிலையம் இன்னும் இருக்கும்போதே செய்யவேண்டியது பதிவு. இணைய ஒலிபரப்பு இருந்தால் விஎல்சி செயலியிலேயே ஓடுவதை அப்படியே சேமிக்கலாம். 128 கிலோபிட் என்றால் மணிக்கு 58 எம்பி, முழு நாளுக்கு 1.4 ஜிபி. மாற்றி எழுதாமல் வருகிறபடியே சேமிக்கவேண்டும். மறுபடி சுருக்கினால் தரம் போகும். பல நிலையங்கள் இணையத்தில் விளம்பர இடங்களை வேறு விளம்பரத்தால் மூடிவிடும். உள்ளூர் இட்லிக்கடை விளம்பரம் வேண்டுமென்றால் ரேடியோவிலிருந்தே எடுக்கவேண்டும்: ஸ்டீரியோவின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு ஒரு வொயர், ஆடாசிட்டி என்ற பதிவுச் செயலி, ஒலி முள்ளின் உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்டாமல். சுருக்காத 16 பிட் ஸ்டீரியோ மணிக்கு 635 எம்பி பிடிக்கும். ஒரே கோப்பாக விடாமல் மணிக்கொன்றாக வெட்டிச் சேமித்தால், மின்சாரம் போனாலும் ஒரு மணி நேரம்தான் போகும்.

பாட்டை வெட்டி எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் வைப்பது பழைய சேகரிப்பாளர்களின் பழக்கம். மைக் திறந்தால் மட்டும் ஓடும் டேப் ரெக்கார்டர் ஸ்டுடியோக்களிலேயே இருந்தது. டேப் விலை அதிகமாக இருந்த காலத்துச் சிக்கனம் அது. இன்று அப்படி வெட்டவேண்டாம். எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு, நடுவில் எத்தனை விநாடி மௌனம், செய்திக்கு முந்திய மணியோசை எப்படி இருந்தது என்பதெல்லாம் முழு மணி நேரத்தில்தான் கிடைக்கும். வார நாளில் ஒரு முழு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு நாளும் எடுத்தால் வாராந்திர நிகழ்ச்சிகளில் பாதி வந்துவிடும். கோப்பின் பெயரில் அலைவரிசை, தேதி, தொடங்கிய நேரம் மூன்றும் இருக்கட்டும். தொடங்குமுன் கணினியின் கடிகாரத்தை நிலையம் சொல்லும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இணைய ஒலிபரப்பு அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி வரும்.